தண்ணீர் நிற்காத ஜாடி: பழைய கண்ணாடியை அடையாளம் காண்பது எப்படி?

போன மாதம் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு கண்ணாடி ஜாடி வாங்கினேன். நான் வாங்கவில்லை, என் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அம்மாவின் கட்சி. பழைய பூட்டுகள், நின்றுபோன கடிகாரங்கள், பித்தளைக் குத்துவிளக்குகள் எல்லாம் பரப்பிய தார்ப்பாயில் ஓர் ஓரமாக இது நின்றது. ஒரு சாண் உயரம். மேலே பாட்டில் கழுத்து, நடுவில் பூசணிக்காய் வயிறு, கீழே மூன்று குட்டிக் கால்கள். தூக்கிப் பார்த்தால் அடியில் என் மூன்று விரல் போகிற அளவுக்கு ஓட்டை.

"என்னண்ணே இது?"

"பிரெஞ்சுக்காரன் காலத்து விளக்கு தம்பி. உள்ள மெழுகுவத்தி வெச்சி ஏத்துவாங்க."

புதுச்சேரியில் பழைய சாமான் எதைக் கேட்டாலும் முதல் பதில் இதுதான். ஆயிரத்து எண்ணூறு சொன்னார். எழுநூறுக்கு முடிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவ உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. கழுத்து வழியாகத் தண்ணீர் ஊற்றினேன். பாதி, அடி ஓட்டை வழியாக என் கால்மேல் கொட்டியது. மீதி கொட்டவில்லை. அடி ஓட்டையின் விளிம்பு உட்பக்கமாக மடிந்து மேலே எழும்பியிருக்கிறது. அந்த மடிப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே, கோட்டையைச் சுற்றிய அகழி மாதிரி, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வளையமாக நின்றது. மெழுகுவத்தி வைக்கிற இடத்துக்கு அகழி எதற்கு?

பழைய கண்ணாடிச் சாமான் சேர்க்க வருகிற எல்லோரும் எடுத்தவுடன் கேட்பது இரண்டு கேள்விகள்: எவ்வளவு பழசு, என்ன விலை போகும். இரண்டுமே கடைசியில் வர வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியது, இது எதற்காக இப்படி இருக்கிறது என்பது. அடுத்தது, இதை எப்படிச் செய்தார்கள் என்பது. இவை இரண்டுக்கும் பதில் பொருளிலேயே இருக்கும், கையால் தடவிப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். வயதும் விலையும் இவற்றின் பின்னால் தானாக வரும். சில நேரம் வராமலும் போகும்.

விசித்திர வடிவம் என்றால் பயந்துவிடக் கூடாது, சந்தோஷப்பட வேண்டும். சாதாரண டம்ளர் எதற்கும் டம்ளர், அதைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வளைவும் பள்ளமும் உள்ள பொருளில் ஒவ்வொரு வளைவும் ஒரு வேலைக்காக வைத்தது. கோலி சோடா பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. கோலியைப் பார்க்காத ஒருவர் கையில் வெறும் பாட்டிலைக் கொடுத்தால், கழுத்தை ஏன் இப்படிக் கிள்ளி வைத்திருக்கிறார்கள் என்று குழம்பிப்போவார். நமக்குத் தெரியும்: உள்ளே அடைத்த வாயு கோலியை மேலே தள்ளி, வாயிலுள்ள ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடுகிறது. கீழே கிள்ளிய இடம் கோலி அடிவரை விழாமல் தடுக்கிறது. மேலே இருக்கும் இரண்டு குழிகள், குடிக்கும்போது கோலி திரும்பி வந்து வாயை அடைக்காமல் பிடித்துக்கொள்ள. குழி கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி பாட்டிலைச் சாய்க்க வேண்டும் என்பது சோடாக் கடையில் நின்ற எந்தப் பையனுக்கும் தெரியும். அந்தப் பாட்டிலில் அலங்காரத்துக்காக வைத்த கோடு ஒன்றுகூட இல்லை.

என் ஜாடிக்கு வருகிறேன். அகழியில் நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "நம்ம ஆயா வூட்ல சாப்பாட்டு அலமாரிக் காலுக்கு அடியில வெப்பாங்களே, எறும்பு ஏறாம இருக்க தண்ணிக் கிண்ணம், அது மாதிரி இருக்குதுடா."

அம்மா சொன்னது பாதி சரி. தண்ணீர் பூச்சிக்காகத்தான், ஆனால் எறும்புக்காக இல்லை. இது ஈ பிடிக்கும் கண்ணாடி. ஐரோப்பாவில், குறிப்பாக பிரான்சில், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் மளிகைக் கடையிலும் வைத்த சாமான்.

வேலை செய்கிற விதம் அழகு. மூன்று கால்களுக்கு நடுவே ஒரு தட்டில் கொஞ்சம் சர்க்கரையோ பழத்துண்டோ வைப்பார்கள். கால்கள் இருப்பதால் ஜாடிக்கும் தட்டுக்கும் நடுவே ஈ புகுந்து வர இடைவெளி கிடைக்கிறது. தின்று முடித்த ஈ நடந்து திரும்பிப் போகாது. மேல்நோக்கி, வெளிச்சம் இருக்கிற பக்கமாகப் பறக்கும். தலைக்கு மேலே ஓட்டை, அதற்கு மேலே பளிச்சென்ற கண்ணாடி வயிறு. உள்ளே போய்விட்டால் சுற்றிலும் வெளிச்சம், கீழே வந்த வழி மட்டும் இருட்டு. ஈ சுவரில் முட்டி முட்டிக் களைத்து, அகழியில் விழும். அதில் சர்க்கரைத் தண்ணீர், வினிகர் அல்லது பீர் ஊற்றி வைப்பது வழக்கம். துளி சோப்பும் கலந்தால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, விழுந்த ஈ மிதக்காமல் மூழ்கிவிடும். மேலே கழுத்துக்கு ஒரு கண்ணாடி மூடியோ கார்க்கோ உண்டு. அது இல்லையென்றால் ஈ அந்த வழியாகத் தப்பித்துவிடும். என்னுடையதில் மூடி தொலைந்திருக்கிறது. விற்றவருக்கு இது விளக்காகத் தெரிந்ததற்கு மூடி இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதே மாதிரி அடி உள்வாங்கிய கண்ணாடிக் கூண்டு இன்னொன்றும் உண்டு. பழ ஈக்களைப் பிடிக்கத் தோட்டங்களில் மாட்டுகிற மெக்பெயில் பொறி. அது மரத்தில் தொங்குவது, அதனால் கால் இருக்காது. கால் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே வித்தியாசம், பொருள் சமையலறையைச் சேர்ந்ததா தோப்பைச் சேர்ந்ததா என்று சொல்லிவிடுகிறது. நம் ஊர் மாந்தோப்புகளில் இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் மாட்டுகிற பழ ஈப் பொறிக்கும் வேலை இதுதான்.

சரி, எதற்கென்று தெரிந்துவிட்டது. எப்படிச் செய்தார்கள்?

கண்ணாடிப் பாத்திரம் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் பிறக்கிறது. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயின் முனையில் எடுத்து, வெறும் காற்றில் ஊதி, கருவிகளால் வளைத்துச் செய்வது ஒன்று. அதே குழாயால் ஓர் அச்சுக்குள் ஊதுவது இன்னொன்று. அச்சில் கண்ணாடியை ஊற்றி மேலிருந்து உலக்கை மாதிரி ஒன்றால் அழுத்துவது மூன்றாவது. இந்த அழுத்தும் இயந்திரங்கள் 1820-களில் அமெரிக்காவில் பரவின. ஏழை வீட்டு மேசைக்கும் 'வெட்டுக் கண்ணாடி' மாதிரிப் பூவேலைத் தட்டு வந்தது அதற்கப்புறம்தான். உண்மையிலேயே சக்கரத்தில் வெட்டிய கண்ணாடியா, அழுத்தி வந்ததா என்று சந்தேகம் வந்தால் பூவேலையின் முனையை விரலால் தடவுங்கள். வெட்டியது கூர்மையாகக் குத்தும், அழுத்தியது சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும்.

அச்சு இரண்டு துண்டாகத் திறக்கும் என்பதால், துண்டுகள் சேரும் இடத்தில் கண்ணாடியில் மெல்லிய மேடு விழும். இதை ஒட்டுக்கோடு என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டும். அந்தக் கோடு எங்கே முடிகிறது என்பதுதான் முக்கியம். அச்சில் ஊதிய பாட்டிலைக் குழாயிலிருந்து பிரித்தபின் அதன் வாயை மட்டும் மறுபடி சூடாக்கி, கையால் கருவி வைத்துத் திருகி முடிப்பார்கள். அதனால் ஒட்டுக்கோடு கழுத்தில் எங்கோ கரைந்துவிடும், வாயில் இருக்காது. 1903 வாக்கில் மைக்கேல் ஓவன்ஸ் அமெரிக்காவில் முழுத் தானியங்கிப் பாட்டில் இயந்திரத்தை ஓடவைத்தார். இயந்திரப் பாட்டிலில் வாயும் அச்சிலேயே உருவாவதால் கோடு வாய்விளிம்பின் உச்சிவரை ஏறிப் போகும். உங்கள் வீட்டுச் சாஸ் பாட்டிலை எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

இதிலும் ஏமாற இடம் உண்டு. ஒட்டுக்கோடே இல்லாவிட்டால் அச்சில்லாமல் ஊதியது என்று குதிக்கக் கூடாது. பழைய ஒயின் பாட்டில்கள் பலவற்றை அச்சுக்குள்ளேயே சுழற்றிச் செய்தார்கள். சுழற்சியில் ஒட்டுக்கோடு அழிந்து, பதிலுக்கு உடம்பைச் சுற்றி இழை இழையாக வளையக் கீறல் வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அப்புறம் பாண்டில் தழும்பு. ஊதிய பாத்திரத்தின் வாயைச் சரிசெய்யும்போது அதைப் பிடித்துக்கொள்ள, அடியில் பாண்டில் என்ற இரும்புக் கம்பியைக் கண்ணாடிப் பொட்டு வைத்து ஒட்டுவார்கள். வேலை முடிந்ததும் தட்டி உடைத்து எடுப்பார்கள். குழந்தைக்குத் தொப்புள் மாதிரி பாத்திரத்தின் அடியில் ஒரு சொரசொரப்பான வடு நிற்கும். விலை கூடிய சாமானில் அதைத் தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள். அப்போது சொரசொரப்புக்குப் பதில் வழவழவென்று ஒரு வட்டக் குழி இருக்கும். கண்ணாடி சேர்ப்பவர்கள் எதைக் கையில் வாங்கினாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது இதற்குத்தான். என் ஜாடியில் அடியே ஓட்டை. தொப்புளைத் தேட வயிறே இல்லை.

கண்ணாடிக்குள் மாட்டும் காற்றுக் குமிழி பற்றிச் சொல்ல அரிக்கமேட்டைவிட நல்ல இடம் கிடையாது. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்ததால் உலகப் புகழ் வந்தது. எனக்கென்னவோ அந்த ஓடுகளைவிட அங்கே நம் ஆட்கள் செய்த கண்ணாடி மணிகள்தான் பெரிய விஷயமாகத் தெரிகின்றன. கடுகு, மிளகு அளவில் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூட்டில் போட்டு முனையை மழுக்கியிருக்கிறார்கள். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம்வரை வந்திருக்கிறது. இழுத்துச் செய்த மணியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், உள்ளே மாட்டிய குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டு கிடக்கும். கம்பியில் கண்ணாடியைச் சுற்றிச் செய்த மணியில் குமிழி துளையைச் சுற்றி வளைந்திருக்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் கை எந்தத் திசையில் அசைந்தது என்று குமிழி காட்டிக்கொடுக்கிறது. பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. கண்ணாடி பார்க்கப் பழக வேண்டும் என்பவர்கள் சந்தைக்குப் போகுமுன் அங்கே ஒரு மணி நேரம் செலவழிக்கலாம்.

குமிழியின் திசையைப் பார்க்கலாம், ஆனால் குமிழி இருப்பதையே பழமைக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். இப்போது அழகுக்காக வேண்டுமென்றே குமிழி விட்டுப் புதுச் சாமான் செய்கிறார்கள்.

நிறத்துக்கு வருவோம். மணலில் கொஞ்சம் இரும்பு இருந்தாலே கண்ணாடி பச்சை தட்டும். அந்தப் பச்சையைக் கொல்ல மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்த கண்ணாடி வெகுகாலம் வெயிலில் கிடந்தால் மெல்லிய கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். மொட்டைமாடியில் மறந்துபோன பழைய பாட்டில் ஊதா பாரித்திருந்தால் காரணம் இதுதான். நீலம் பெரும்பாலும் கோபால்ட்.

மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு வகை இருக்கிறது, அதுதான் எல்லோரையும் மயக்குவது: யுரேனியம் கண்ணாடி. அணுகுண்டுக் கதைக்கு நூறு வருடம் முன்பே, 1830-களில், இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவில் ரீடல் என்ற குடும்பத்தார் இதைச் செய்து விற்று, தங்கள் குடும்பத்துப் பெண் அன்னாவின் பெயரையே அந்த நிறங்களுக்கு வைத்தார்கள். சோதிக்கக் கருவி தேடி அலைய வேண்டாம். கடைக்காரர்கள் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு போதும். இருட்டில் காட்டினால் யுரேனியம் கண்ணாடி எலுமிச்சைப் பச்சையில் பற்றி எரிகிற மாதிரி ஒளிரும். மங்கலாகப் பச்சை தெரிந்தால் அது மாங்கனீசாக இருக்கலாம், அதை யுரேனியம் என்று விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அலமாரியில் வைத்துப் பார்க்க இது பயப்படுகிற பொருள் இல்லை. அதில் தினமும் மோர் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

முத்திரை இருந்தால் வேலை சுலபம் என்று நினைப்போம். இல்லை. பிரான்சின் பக்கரா 1764-இல் தொடங்கிய கண்ணாடி நிறுவனம், ஆனால் எல்லாப் பொருளிலும் அமிலத்தால் பெயர் பொறிக்க ஆரம்பித்தது 1936-இல்தான். அதற்கு முன்பு காகிதச் சீட்டு, கழுவினால் போய்விடும். ஆகவே பெயர் இல்லாத பழைய பக்கரா நிறைய உண்டு. போலிப் பெயர் பொறித்த புதுசும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. சொல்தா வீடுகள் சிலவற்றில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் வீட்டில், கனத்த சிறு டம்ளர்கள் இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் துராலெக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரும் பக்கத்தில் ஓர் எண்ணும். அது வருடமோ வரிசை எண்ணோ என்று கேட்பார்கள். எந்த அச்சிலிருந்து வந்தது என்பதற்கான எண் அது. பிரான்சில் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் அந்த எண்ணை 'உன் வயசு' என்று சொல்லி விளையாடுவார்கள். துராலெக்ஸ் 1945-இல் வந்தது, புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு நிர்வாகம் போனது 1954-இல். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆளுநர் 'டூப்ளே காலத்து டம்ளர்' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். பொருள் கிடைத்த ஊரும் பொருள் பிறந்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கப்பலில் வந்திருக்கலாம், பென்ஷன்காரர் பெட்டியில் வந்திருக்கலாம், போன வருடம் சுற்றுலா வந்தவர் விட்டுப்போனதாகவும் இருக்கலாம்.

வயதைப் பொறுத்தவரை நான் அதிகம் நம்புவது தேய்மானத்தை. பொருள் தரையைத் தொடும் இடத்தில் மட்டும், எல்லாத் திசையிலும், சாம்பல் பூத்த மாதிரி நுண்ணிய கீறல்கள் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுத்து இழுத்து வைத்ததில் வருவது அது. உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் வரிசையாக ஓடும், தரையைத் தொடாத பள்ளத்திலும் இருக்கும். வெண்படலமும் பார்க்க வேண்டியது. உப்புக் கறையாக இருந்தால் வினிகரில் ஊறவைக்கப் போகும். தண்ணீரில் நனைத்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது, என்ன தேய்த்தாலும் போகாது. விற்பவர் சில நேரம் எண்ணெய் தடவி அதை மறைத்திருப்பார். சந்தையில் விரல் வழுக்கினால் மோந்து பார்ப்பது என் வழக்கம்.

இத்தனையும் பார்த்த பிறகு என் ஜாடி எங்கே நிற்கிறது? வயிற்றின் இரண்டு பக்கமும் ஒட்டுக்கோடு இருக்கிறது, கால்களையும் சேர்த்து ஓடுகிறது. அதனால் அச்சில் ஊதியது, கால்கள் தனியாக ஒட்டியவை அல்ல. கோடு தோள்வரை வந்து கழுத்தில் கரைகிறது. வாய்விளிம்பு ஒரு பக்கம் இம்மி கூட உயரம், கையால் முடித்தது. நிறம் லேசான பச்சை. ஊதா விளக்கில் ஒன்றும் ஒளிரவில்லை. முத்திரை கிடையாது. இதே வடிவத்தில் இன்றைக்கும் தோட்டத்துக்கென்று புதிதாகச் செய்து விற்கிறார்கள், அவற்றிலும் இதே மாதிரி கோடு வரலாம். ஆனால் மூன்று கால்களின் நுனியும் மூன்று விதமாகத் தேய்ந்திருக்கின்றன, ஒன்றில் மட்டும் அதிகம். மேசையில் அந்தக் காலை ஊன்றித் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி 'பழையது, புழங்கியது' என்று சொல்வேன். வருடம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன். எழுநூறு ரூபாய் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

மாம்பழ சீசன் என்பதால் ஒரு நாள் சோதித்தும் பார்த்தோம். வாழைமட்டையைச் செதுக்கி மூடி செய்தேன். அகழியில் வெல்லத் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும், அடியில் எவர்சில்வர் தட்டில் மாம்பழத் தோல். சாயங்காலத்துக்குள் ஏழு ஈயும் ஒரு குளவியும் விழுந்திருந்தன. கூடவே சுவரோரத்திலிருந்து தட்டுவரை எறும்பு சாரை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அகலமான தாம்பாளம் ஒன்றை எடுத்துவந்து, அதில் தண்ணீர் ஊற்றி, தட்டையும் ஜாடியையும் சேர்த்துத் தூக்கி நடுவில் வைத்தார்.